ஒரே மாதத்தில் ஆறு முறை கெட்ட குழாய்

“சாவி இன்னும் வரல” என்றார் ஆவணக் காப்பறைக் குமாஸ்தா.

நாலாவது நாளாக அதே பல்லவி. திங்கட்கிழமை சாவி உதவிப் பதிவாளரிடம் இருந்தது. செவ்வாய்க்கிழமை உதவிப் பதிவாளர் விடுப்பில் போய்விட்டார். புதன்கிழமை சாவி வந்தது, கதவு திறந்தது, ஆனால் அரை மணி நேரத்தில் சாப்பாட்டு இடைவேளை என்று வெளியே அனுப்பிவிட்டார்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் பூட்டு இறுகிக் கிடந்தது. இன்று வியாழன். பூட்டை மாற்றிவிட்டார்களாம். புதுப் பூட்டுக்குச் சாவி வரவில்லையாம்.

“சார், ஊரே உங்களைத்தான் ‘சாவி’ன்னு கூப்பிடுது. நீங்களே வந்து உட்கார்ந்திருக்கீங்க. அப்புறம் எந்தச் சாவிக்குக் காத்திருக்கோம்?” என்றான் பிளாஷ்.

குமாஸ்தா சிரிக்கவில்லை. அவருக்கு அந்தப் பட்டப்பெயர் வந்ததே, யார் எதைக் கேட்டாலும் சாவியைக் காரணம் சொல்வதால்தான். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, “நான் என்ன செய்யட்டும்? பதினேழு வருஷமா இந்தக் கதவு என்னையும் சேர்த்துத்தான் வெளிய நிறுத்துது” என்றார்.

பிளாஷ் வாயைத் திறந்தான். அண்ணி அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

பிளாஷுக்கு வயது நாற்பத்தொன்று. ஒரு காலத்தில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தவன். மூளை யோசிப்பதற்கு முன்னாலேயே வாய் பளிச்சிட்டுவிடும் என்பதால் அந்தப் பெயர். செல்போன் வந்து ஸ்டூடியோவை முழுங்கிய பிறகு, அண்ணன் மனைவிக்கே உதவியாளனாகச் சேர்ந்துவிட்டான். அண்ணி இருபத்திரண்டு வருஷம் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தியவள். ஒரு போலி உயிலை, அதில் இருந்த ஒரே ஒரு ஒற்றுப் பிழையை வைத்துப் பிடித்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து அச்சகத்தைவிடத் துப்பறிவதில்தான் அவளுக்கு அதிக வேலை.

இந்தத் தடவை வேலை கொடுத்தவர் பல்கலைக்கழக மாணவியர் விடுதியின் வார்டன். பிரச்சினை கேட்பதற்குச் சின்னதுதான். அறுபத்தோரு வருஷத்துக்கு முன்பு மர வியாபாரி ஒருவர் நிலம் கொடுத்து அந்த விடுதியைக் கட்டிக் கொடுத்தார். பத்திரத்தில் ஒரு நிபந்தனை போட்டார்: ‘ஒரு கல்வியாண்டு முழுவதும் ஒரு மாணவிகூடத் தங்காமல் போனால், நிலம் என் வாரிசுகளுக்கே திரும்பும்.’ எட்டாவது வருஷம் புயலில் மேற்குப் பக்கக் கூரை பறந்தது. விடுதியை மூடிப் பழுது பார்த்தார்கள். பல்கலைக்கழகம் பொன்விழாவுக்கு அச்சடித்த விடுதி வரலாற்றுப் புத்தகத்தில், ‘அவ்வாண்டு முழுவதும் விடுதி மூடப்பட்டிருந்தது’ என்று பெருமையாக ஒரு வரி எழுதி வைத்துவிட்டார்கள். தன் வாயால் கெட்ட தவளை. அந்த ஒரு வரியைப் படித்த வியாபாரியின் பேரன் வழக்குப் போட்டுவிட்டார். ஜெயித்தால் அங்கே கடைத்தொகுதி கட்டப்போகிறாராம். இருநூற்றுப் பன்னிரண்டு பெண்கள் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான்.

வழக்கு நாளைக் காலை பத்தரைக்கு. அந்த எட்டாவது வருஷத்தில் ஒரே ஒரு மாணவியாவது அங்கே தங்கினாள் என்று காட்ட வேண்டும். நாலு நாளாக அலைந்து அவர்களுக்குக் கிடைத்ததெல்லாம் கால் வலி. புதன்கிழமை கிடைத்த அரை மணி நேரத்தில் அந்த வருஷத்து இறுதியாண்டுப் பொருளாதாரப் பதிவேட்டைப் பார்த்தார்கள். முப்பத்தோரு வரிசை எண்கள், முப்பது பெயர்கள். பதினாலாம் எண்ணுக்கு நேரே பெயர் இருந்த இடத்தில் கெட்டியாகக் கறுப்பு மை.

“மை கொட்டியிருக்கும்” என்று குமாஸ்தா சொன்னார்.

“கொட்டின மை ஓரத்துல பரவும். இது கோடு போட்ட மாதிரி நிக்குது. யாரோ உட்கார்ந்து பூசியிருக்காங்க” என்றாள் அண்ணி. அதோடு இடைவேளை மணி அடித்துவிட்டது.

மரத்தடியில் நின்று அண்ணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது பிளாஷின் போன் அடித்தது. வார்டன்.

“ஒரு புத்தகம் கிடைச்சிருக்கு. உபயோகப்படுமான்னு தெரியல. வந்து பாருங்க.”

“என்ன புத்தகம்?”

“புகார்ப் புத்தகம்.”

“எங்ககிட்டயே எழுதறதுக்கு நாலு நாள் புகார் இருக்கு. காலிப் பக்கம் இருக்குமா?” என்றான் பிளாஷ்.

* * *

விடுதியின் கீழ்த்தள அலுவலகத்தில் மின்விசிறி டக்கு டக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. வார்டன் ஐம்பத்தைந்து வயதுக்காரர், தூங்கி நாளாகியிருந்த முகம். மேசைமேல் நீள வாட்டத்தில் ஒரு தடித்த நோட்டு. படிக்கட்டுக்கு அடியில் உடைந்த கட்டில்களுக்குப் பின்னால் கிடந்ததாம்.

“அறையில என்ன கெட்டாலும் பொண்ணுங்க இதுல எழுதணும். பராமரிப்பு ஆள் வந்து சரி செஞ்சிட்டுக் கீழ பதில் எழுதணும். அப்படி ஒரு வழக்கம் அப்போ” என்றார் வார்டன். “எட்டாவது வருஷத்துப் பக்கங்களைப் பாருங்க.”

அண்ணி புரட்டினாள். மூடிக் கிடந்ததாகச் சொன்ன விடுதியில், ஜூலை தொடங்கி ஏப்ரல் வரை புகார்கள்! எல்லாம் ஒரே கையெழுத்து. எல்லாவற்றிலும் ‘அறை 19’. பெயர் மட்டும் எங்கேயும் இல்லை.

பிளாஷ் துள்ளினான். “அண்ணி, முடிஞ்சுது வேலை! இதைக் கொண்டுபோய்—”

“வக்கீல்கிட்ட போன்ல படிச்சுக் காட்டினேன்” என்று வார்டன் குறுக்கிட்டார். “பேர் இல்லாத புகாரைக் காவல்காரன் எழுதினான், மேஸ்திரி எழுதினான்னு எதிர்த்தரப்பு சொல்லிடுமாம். ஆள் வேணுமாம்.”

பிளாஷ் துள்ளின வேகத்திலேயே உட்கார்ந்தான்.

“இதுக்குப் பதில் எழுதினது யாரு?” என்று அண்ணி கேட்டாள்.

“ஒரே ஒரு குழாய்க்காரர்தான் அப்போ. ஓய்வு பெற்று எத்தனையோ வருஷமாச்சு. இன்னைக்கும் எந்தக் குழாய் எந்தச் சுவத்துக்குள்ள போகுதுன்னு அவருக்குத்தான் தெரியும். உடைஞ்சா அவரைத்தான் கூப்பிடுவேன். அவரை முதல் நாளே கேட்டுட்டேன். ‘அந்த வருஷம் உள்ள ஒரு ஈ காக்கா கிடையாது’ன்னு அடிச்சுச் சொல்லிட்டார்.”

அண்ணி மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு, அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற மாதிரி, வரிவரியாக விரலை ஓட்டினாள். பத்து நிமிஷம் ஆனது. பிளாஷ் மின்விசிறியின் டக்குகளை எண்ணி முன்னூறில் விட்டான்.

“தம்பி, இதைச் சத்தமா படி.”

பிளாஷ் படித்தான். “ஜூலை ஒன்பது. குளியலறைக் குழாயைத் திருகினால் காற்றுத்தான் வருகிறது. கவனிக்கவும். பதில்: சரி செய்யப்பட்டது.”

“அடுத்தது.”

“ஆகஸ்ட் ரெண்டு. மாடிப்படி விளக்கு எரியவில்லை. இருட்டில் கடைசிப் படியைக் காலால் தேட வேண்டியிருக்கிறது. பதில்: சரி செய்யப்பட்டது. கடைசிப் படிக்கு வெள்ளை வர்ணம் பூசப்பட்டது.” பிளாஷ் நிமிர்ந்தான். “நல்ல மனுஷன். என் வீட்டு ஓனர் இப்படி ஒரு நாள்—”

“அக்டோபர் படி.”

“சன்னல் கொக்கி கழன்றுவிட்டது. நேற்று மழையில் பாதி அறையும் முழுப் பொருளாதாரமும் நனைந்துவிட்டன. பதில்: சரி செய்தேன். புத்தகங்களை மேல் தட்டில் வைக்கவும்.”

“என்ன மாறிச்சு?”

“பருவமழை.”

“மண்டு. ஜூலைல ‘செய்யப்பட்டது’. யார் செஞ்சா எனக்கென்னன்னு இருக்கிற எழுத்து. அக்டோபர்ல ‘செய்தேன்’. அந்த ஆளுக்குத் திடீர்னு ‘நான்’னு ஒருத்தன் முளைச்சுட்டான். இப்போ ஜனவரியைப் படி.”

ஜனவரியில் ஆறு புகார்கள். ஆறும் அதே குளியலறைக் குழாய். பிளாஷ் படிக்கப் படிக்க அவன் குரலே மாறிவிட்டது.

“‘குழாய் மறுபடியும் ஒழுகுகிறது.’ ‘சரி செய்துவிட்டேன். திருகாணி கழன்றிருந்தது.’ ‘குழாய் மறுபடியும் ஒழுகுகிறது.’ ‘சரி செய்துவிட்டேன். திருகாணி தானாகக் கழலாது.’ ‘மறுபடியும்.’ ‘வியாழக்கிழமை மாலை நாலு மணிக்கு நேரில் வந்து பார்க்கிறேன்.’ அண்ணி! அதுக்கப்புறம் குழாயைப் பத்திப் பேச்சே இல்ல!”

“ஒரே குழாய் ஒரு மாசத்துல ஆறு தடவை எப்படிக் கெடும்?”

“கெடுத்தாத்தான் கெடும்.”

“அவ்வளவுதான். அந்தப் பொண்ணை அவர் பார்த்திருக்கார். ஆனா ஈ காக்கா இல்லைன்னு சொல்றார்.” அண்ணி நோட்டை மூடினாள். “பொய் சொல்றதுன்னா ஒரு காரணம் இருக்கணும். அவர் வீடு எங்க?”

* * *

சந்தைக்குப் பின்னால் சந்து. சந்தின் கடைசியில் ஓட்டு வீடு. கதவைத் திறந்தவருக்கு எழுபத்தைந்துக்கு மேலிருக்கும். தோள் இன்னும் வளையவில்லை. வார்டன் பெயரைச் சொன்னதுமே முகம் சுருங்கிவிட்டது.

“அவங்ககிட்டயே சொல்லிட்டேனே. அந்த வருஷம் உள்ள யாரும் இல்ல.” சத்தத்தைத் தாழ்த்தித்தான் பேசினார். ஒரு கண் சமையலறைப் பக்கமே இருந்தது.

“பத்தொன்பதாம் அறைல?”

“காலி.”

“அப்போ புகார் எழுதினது யாரு ஐயா?”

“காவல்காரனா இருக்கும்.”

“காவல்காரர் பொருளாதாரம் படிச்சாரா?” என்றான் பிளாஷ். “அவரோட புத்தகம் மழைல நனைஞ்சதுக்கு நீங்க மேல் தட்டுல வைக்கச் சொன்னீங்களா?”

“எனக்கு ஞாபகமில்ல. வயசாயிடுச்சு. நீங்க போயிட்டு வாங்க.”

கதவு பாதி சாத்தியாகிவிட்டது. பிளாஷுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு நாள் பூட்டுகளோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் வாய் இருக்கிற ஓர் ஆளைப் பிடித்தால், அந்த வாய்க்கும் பூட்டு! “ஐயா, நாளைக்குப் பத்தரை மணிக்கு இருநூறு பொண்ணுங்க தெருவுக்கு வரப்போறாங்க, நீங்க என்னடான்னா—”

“தம்பி, சும்மா இரு” என்றாள் அண்ணி. அவள் அவரைப் பார்க்கவேயில்லை. கதவுக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டியின் குழாய்மேல் நூலால் கட்டித் தொங்கவிட்ட ஒரு சின்ன அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் நகர்ந்து அதை மறைத்தார். ஆனால் அதே போல இன்னொன்று சுவரில் மோட்டார் பொத்தானுக்குப் பக்கத்தில் ஒட்டியிருந்தது. இன்னொன்று சன்னலில்.

அண்ணி எட்டிப் படித்தாள். “‘சன்னலைச் சாத்தச் சொல்லி இது மூன்றாவது முறை. கனிவுடன் கவனிக்கவும்.’ யார் எழுதினது ஐயா?”

“வீட்டுல.”

“சன்னல்னு எழுதறவங்க இப்போ குறைவு. எல்லாரும் ஜன்னல்னுதான் எழுதுவாங்க. சன்னலைச் சாத்த, அங்க ஒரு ‘ச்’. சாத்தச் சொல்லி, அங்கயும் ஒரு ‘ச்’. ரெண்டையும் விடாம போடற ஆளை இருபத்திரண்டு வருஷத்துல நான் விரல் விட்டு எண்ணிடுவேன். அதுல ஒரு ஆளை இன்னைக்குக் காலைலதான் பார்த்தேன். அம்பத்திமூணு வருஷம் பழைய நோட்டுல.”

வீட்டுக்காரர் கதவைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

“உள்ள வரச் சொல்லுங்க” என்று சமையலறையிலிருந்து ஒரு குரல் வந்தது. “வாசல்ல நிக்க வெச்சுப் பொய் சொல்லாதீங்க. உங்களுக்கு வராது.”

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார் அந்த அம்மாள். ஒல்லியான உடம்பு, கூர்மையான கண்.

“பத்தொன்பதாம் அறை நான்தான்” என்றார். “உட்காருங்க.”

பிளாஷ் திரும்பி அண்ணியைப் பார்த்தான். அண்ணி இதை வாசலிலேயே கண்டுபிடித்திருந்தாள். அவனுக்குத்தான் நாற்காலியில் உட்கார்ந்த பிறகு விளங்கியது. குழாயைக் கெடுத்த பெண்ணைக் குழாய்க்காரர் கல்யாணமே செய்துகொண்டுவிட்டார்!

“அவ அந்தக் கட்டடத்துப் பேரைக் கேட்டா ரெண்டு நாள் பேச மாட்டா” என்றார் பெரியவர், மன்னிப்புக் கேட்கிற மாதிரி. “என்னை அங்க வேலைக்குக் கூப்பிட்டாக்கூட, சந்தைக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தான் போவேன்.”

“சந்தைக்குப் போற ஆள் கைல குறடு எதுக்கு?” என்றார் அம்மாள். “எனக்குத் தெரியாதுன்னு இவர் நினைப்பு.”

பிறகு அவரே சொன்னார். புயல் வந்த வருஷம் அவர் இறுதியாண்டு. விடுதியை மூடியதும் மற்ற பெண்கள் உறவுக்காரர் வீட்டுக்குப் போனார்கள். இவர் அப்பாவிடமிருந்து தந்தி வந்தது: விடுதி இல்லையென்றால் படிப்பும் இல்லை, கிளம்பி வா. போயிருந்தால் அடுத்த மாதமே கல்யாணம், பிறகு புத்தகத்தைத் தொட முடியாது. அப்போதிருந்த வார்டன் இரக்கப்பட்டுக் கிழக்குப் பக்கம் ஓர் அறைச் சாவியைக் கொடுத்து, வாய்மொழியாக அனுமதித்தார். பத்து மாதம் அந்தக் காலிக் கட்டடத்தில் தனியாக இருந்தார். பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல்தான் முதலில் புகார் எழுத ஆரம்பித்தாராம்.

“பதிலாவது வருமேன்னுதான்” என்றார்.

ஏப்ரலில் எட்டுத் தாளும் எழுதி முடித்தார். கடைசித் தாள் முடிந்த மூன்றாம் நாள் கண்டுபிடித்துவிட்டார்கள். விசாரணை நடந்தது. சாவி கொடுத்த வார்டன், நான் கொடுக்கவேயில்லை என்று சொல்லிவிட்டார். அவருக்கும் வேலை போகக் கூடாதே.

அம்மாள் எழுந்து போய்ப் பீரோவிலிருந்து ஒரு கவரை எடுத்து வந்து நீட்டினார். பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு கடிதம். அண்ணி வாசித்தாள்.

‘இறுதியாண்டு மாணவியான தாங்கள், பழுது காரணமாக மூடப்பட்டிருந்த விடுதியில், ஜூலை முதல் ஏப்ரல் முடிய, அறை எண் 19-இல் அனுமதியின்றித் தங்கியிருந்தது நிரூபிக்கப்பட்டதால், தங்கள் பெயர் பதிவேட்டிலிருந்து நீக்கப்படுகிறது. தேர்வு முடிவு வெளியிடப்பட மாட்டாது.’

“நிரூபிக்கப்பட்டதால்!” பிளாஷ் எழுந்தே நின்றுவிட்டான். “அண்ணி, இவங்களே நிரூபிச்சு, இவங்களே முத்திரை குத்தி, அதை இவங்களே மறந்துட்டு, ஆதாரம் ஆதாரம்னு நம்மளை நாலு நாளா நாயா அலைய விட்டிருக்காங்க! ஆனா... அனுமதியின்றின்னு இருக்கே?”

“பத்திரத்துல ‘தங்காமல் போனால்’னுதான் இருக்கு. அனுமதிங்கற சொல்லே கிடையாது. நாலு தடவை படிச்சேன்.” அண்ணி கடிதத்தை மடித்தாள். “அம்மா, நாளைக்கு இதை—”

அந்த அம்மாள் கையை நீட்டிக் கடிதத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டார்.

“காட்டணும்னு தோணிச்சு, காட்டினேன். குடுக்க மாட்டேன்.”

“அம்மா, இருநூறு பொண்ணுங்க—”

“நான் ஒரு பொண்ணு. என்னை ஒரே நாள்ல வெளிய போன்னாங்க. பெட்டியைக்கூட இவர்தான் தூக்கிட்டு வந்தார். என் பேர்மேல மை பூசினாங்க, நான் அங்க இருக்கவே இல்லைங்கற மாதிரி புத்தகமும் போட்டாங்க. இப்போ நான் இருந்தேன்னு சொன்னாத்தான் அவங்களுக்கு நல்லதா? இடியட்டும். எனக்கென்ன வந்தது?”

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. பெரியவர் தரையைப் பார்த்தார். மணி மூன்றேமுக்கால்.

“உங்களுக்கு என்ன வேணும், அம்மா?” என்று கடைசியில் அண்ணி கேட்டாள். கெஞ்சுகிற குரலில் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

அந்த அம்மாள் கடிதத்தைக் கவருக்குள் திரும்ப வைத்தார். “என் மார்க்” என்றார். “எட்டுத் தாள் எழுதினேன். எத்தனை மார்க்குன்னு எவனும் சொல்லல.”

* * *

அண்ணி பதிவாளருக்குப் போன் போட்டாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நீக்கப்பட்ட மாணவியின் விவரம் தர ஒரு குழு அமைக்க வேண்டும், குழு கூடி முடிவெடுக்க ஆறு மாதமாவது ஆகும் என்றார்.

“ஆறு மாசம் கழிச்சுக் கடைத்தொகுதில ஒரு கடை வாடகைக்கு எடுத்துக் குழு கூடுங்க” என்றான் பிளாஷ். நல்லவேளை, அண்ணி அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தாள்.

அண்ணி நெற்றியைத் தேய்த்தாள். பிறகு சட்டென்று நிமிர்ந்தாள். “தம்பி, விடைத்தாள் திருத்தறவங்களுக்குப் பேர் தெரியுமா?”

“தெரியாது. நம்பர்தான்.”

“மார்க் ஏட்டுலயும் நம்பர்தான் இருக்கும். பேர்மேலதானே மை பூசினாங்க? பதினாலுங்கற எண் மேல யாரும் பூசல.”

மார்க் ஏடு இருப்பது ஆவணக் காப்பறையில். பிளாஷ் குமாஸ்தாவைக் கூப்பிட்டான். விஷயத்தைச் சொன்னான். வழக்கமான பதிலுக்காகக் காதைத் தயாராக வைத்துக்கொண்டான்.

சாவிப் பேச்சே வரவில்லை.

“அந்தம்மா உயிரோட இருக்காங்களா?” என்று குமாஸ்தா கேட்டார்.

“எதிர்லதான் உட்கார்ந்திருக்காங்க.”

“போனை வைக்காதீங்க.”

பிறகு பிளாஷ் காதில் விழுந்தது இரும்பும் இரும்பும் மோதுகிற சத்தம். ஒன்று, இரண்டு, ஏழாவது அடியில் ஏதோ தரையில் விழுந்தது. கதவு கிறீச்சிட்டது. இருபது நிமிஷம் கழித்து மூச்சிரைக்க அவர் படிக்க ஆரம்பித்தார். பிளாஷ் கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே வந்தான். பொருளாதார வரலாறு எண்பத்தொன்று. பொது நிதி எழுபத்திரண்டு. அவன் முகம் மலர்ந்துகொண்டே போனது. எட்டாவது தாளை எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

காகிதத்தை அண்ணியிடம் மட்டும் காட்டினான். புள்ளியியல்: முப்பத்திமூன்று. தேர்ச்சிக்கு முப்பத்தைந்து வேண்டும்.

அண்ணியை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். “அண்ணி, அவங்க அம்பத்திமூணு வருஷமா தனக்குப் பட்டத்தைக் குடுக்காம ஏமாத்திட்டாங்கன்னு நம்பிட்டிருக்காங்க. ஃபெயில்னு சொன்னா கடிதத்தைக் கிழிச்சே போட்டுடுவாங்க. எல்லாத்துலயும் பாஸ்னு சொல்லிடலாம். நாளைக்குப் பதினொரு மணி வரைக்கும் தாங்கினா போதும்.”

“இருபத்திரண்டு வருஷம் அடுத்தவங்க தப்பைத் திருத்தியிருக்கேன் தம்பி. நானா ஒண்ணும் புகுத்தினதில்ல.”

“இருநூற்றுப் பன்னிரண்டு பேர், அண்ணி.”

“தெரியும்டா.” அவள் குரல் உடைந்தது. ஆனாலும் திரும்பிப் போய், காகிதத்தை அந்த அம்மாள் கையில் கொடுத்துவிட்டாள்.

அந்த அம்மாள் மேலிருந்து கீழாகப் படித்தார். கடைசி வரியில் கண் நின்றது. பெரியவர் மனைவியின் தோள்பக்கமாக வந்து நின்றுகொண்டார்.

“ரெண்டு மார்க்” என்றார் அந்த அம்மாள் மெதுவாக. “புள்ளியியல் சரியா எழுதலன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

பிளாஷ் மூச்சு விட்டான்.

ஆனால் அடுத்த நொடி அவர் கையிலிருந்த காகிதம் கசங்கியது. “ஒரே ஒரு தாள்! இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா அக்டோபர்ல திரும்ப எழுதி முடிச்சிருப்பேனே! ஆறு மாசம்! ஆறு மாசத்துல முடிய வேண்டியதுக்கு என் ஆயுசையே...” கண்ணில் தண்ணீர் வரவில்லை. வெறும் கோபம்தான்.

பெரியவர் ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார். முழுவதையும் குடித்துவிட்டு அந்த அம்மாள் அண்ணியைப் பார்த்தார்.

“பாஸ்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருப்பேன்ல?”

“ஆமா.”

“நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?”

* * *

நீதிமன்றத்தில் இருபது நிமிஷத்துக்குமேல் ஆகவில்லை. நீதிபதி கடிதத்தை இரண்டு முறை படித்தார், புகார்ப் புத்தகத்தைப் புரட்டினார், ஜனவரிப் பக்கத்தில் கொஞ்சம் அதிக நேரம் நின்றார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, “அனுமதியில்லாமத்தானே தங்கினீங்க?” என்று கேட்டார்.

“அனுமதி குடுத்தவங்க அதை மறுத்துட்டாங்க. ஆனா நான் தங்கினேன். அங்கதான் படிச்சேன், அங்கதான் தூங்கினேன்” என்றார் அந்த அம்மாள்.

பத்திரத்தில் அனுமதி பற்றி ஒரு சொல்லும் இல்லை என்று நீதிபதியே சொன்னார். வழக்குத் தள்ளுபடி ஆனது. பேரன் கோப்பை அள்ளிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் போனார். பின்வரிசையில் வார்டன் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

“நீங்க வேற ஏதாவது சொல்லணுமா, அம்மா?” என்று நீதிபதி கேட்டார்.

“ஆமாங்க. எனக்கு ஒரு தாள் பாக்கி இருக்கு. புள்ளியியல். அதை எப்ப எழுதலாம்னு அங்க உட்கார்ந்திருக்கிற பதிவாளரைக் கேட்டுச் சொல்லணும்.”

கூடத்தில் யாரோ சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. பதிவாளரைப் பார்த்தார். பதிவாளர் எழுந்தார். “அதுக்கு ஒரு குழு...” என்று தொடங்கினார். நீதிபதி பேனாவை மேசைமேல் வைத்தார்.

“அக்டோபர்” என்றார் பதிவாளர்.

வெளியே படிக்கட்டில் அந்த அம்மாள் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார். இன்னொரு கையில் அவர் விரல்விட்டு மாதத்தை எண்ணிக்கொண்டிருந்ததைப் பிளாஷ் பார்த்தான். வார்டன் பின்னாலேயே ஓடி வந்தார்.

“அம்மா, விடுதில மூணாவது மாடில நாலு பொண்ணுங்க புள்ளியியல்தான் படிக்கிறாங்க. நல்லா சொல்லிக் குடுப்பாங்க. நீங்க எப்ப வேணா வரலாம். பத்தொன்பதாம் அறையைக்கூட நான்—”

“வரச் சொல்லுங்க” என்றார் அந்த அம்மாள், திரும்பாமலே. “வீட்டுக்கு வரட்டும். நான் அந்தப் படி ஏற மாட்டேன்.”